மரக்காணத்தில் ஒரு பொதுச் சட்டை

பேருந்து மரக்காணத்தைத் தாண்டிவிட்டது எனக்குத் தெரியவில்லை. ஊர் வந்ததும் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்த கண்டக்டர் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். கீழ்புத்துப்பட்டில் வண்டி நின்றபோது கண் விழித்து, "நீங்க இன்னும் எறங்கலியா?" என்று என்னையே கேட்டார்.

"நீங்கதானே சொல்றேன்னீங்க?"

"மரக்காணம் மரக்காணம்னு கத்தினேனே."

"கனவுல கத்தியிருப்ப" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். பேருந்தே சிரித்தது. நானும் என் பெட்டியும் சாலையில் இறங்கினோம்.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். அங்கே மெய் லிங் என்ற தோழியோடு சேர்ந்து ஒரு துணிக்கடை நடத்துகிறேன். எங்கள் கடையில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று கிடையாது. ஒரே வெட்டில் தைத்த சட்டைகள். யார் வேண்டுமானாலும் போடலாம். ஒரு சட்டையை வீட்டில் இரண்டு பேர் மாற்றிப் போட்டுக்கொண்டால் வாங்கும் துணி குறையும், ஆற்றில் கலக்கும் சாயம் குறையும் என்று வாடிக்கையாளர்களிடம் மெய் லிங் ஓயாமல் சொல்வாள். நானும் சொல்வேன், அவள் அளவுக்கு இல்லை. 2006 தொடக்கத்தில், சுனாமி அடித்துப் போன மரக்காணம் கரையில் பெண்கள் ஒரு தையல் கூடம் நடத்துகிறார்கள் என்று ஒருவர் சொல்லக் கேட்டோம். மாதிரிக்குச் சட்டை தைத்துப் பார்த்துவிட்டு வா என்று மெய் லிங் என்னை அனுப்பினாள். தமிழ் பேசுகிறவள் நான்தானே.

வந்த வழியே திரும்ப ஒரு ஷேர் ஆட்டோ கிடைத்தது. உப்பளங்கள் தொடங்கும் இடத்தில் டயர் புஸ்ஸென்று இறங்கியது. "ஸ்டெப்னி இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்குது. அதுவும் பஞ்சர்" என்றார் டிரைவர், கொஞ்சமும் வருத்தம் இல்லாமல்.

சாலையோரம் வேலை முடித்த பெண்கள் அதே ஆட்டோவுக்காகக் காத்திருந்தார்கள். எல்லோரும் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். கோடு போட்டது, கட்டம் போட்டது, போலீஸ் காக்கி மாதிரி ஒன்று. கழுத்துப் பட்டன் வரை பூட்டியிருந்தது. கைகள் மணிக்கட்டையும் தாண்டித் தொங்கின. வெயிலுக்கும் உப்புக்கும் அதுதான் காப்பு. பினாங்கில் மலாய்க்காரர்கள் வீட்டில் ஆணும் கைலிதான் கட்டுகிறார், பெண்ணும் கைலிதான். கட்டம் போட்டதா பூப் போட்டதா என்பதுதான் வித்தியாசம். அது எனக்குப் பழக்கம். ஆனால் எங்கள் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்டு நாங்கள் காட்டுகிற ஒன்று இப்படிச் சாலையோரம் கூட்டமாக நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரியிடம் பேச்சுக் கொடுத்தேன். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் கல்யாணி, பிரம்மதேசம் பக்கம்.

"யாரோட சட்டைம்மா இது?"

"எங்க வூட்டுக்காரரோடதுதான். பின்ன, பக்கத்து வூட்டுக்காரரோடதையா போடுவாங்க?"

பெண்கள் சிரித்தார்கள். நான் கேமராவை எடுத்தேன். கல்யாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போட்டோ எடுக்கறதுன்னா நல்ல சட்ட வேணும்கா. நல்ல சட்டயெல்லாம் அவருதான் வெச்சிருக்காரு."

எப்போது அது அவளுக்கு வரும் என்று கேட்டேன். "அக்குளு கிழியணும், காலரு நைஞ்சுபோவணும். அப்புறம் எனக்குத்தான். எங்கிட்டயும் கிழிஞ்சா அடுப்பு துணி." ஒரு சட்டையை இதற்கு மேல் யாரும் பயன்படுத்திவிட முடியாது என்று நினைத்தேன். மெய் லிங்குக்குச் சொல்ல நல்ல செய்தி கிடைத்துவிட்டதாக எனக்குச் சந்தோஷம். கல்யாணியின் குரலில் வேறு எதையும் நான் அன்று கேட்கவில்லை.

மறுநாள் காலை, தங்கியிருந்த விடுதிக்கு எதிர்க் கடையில் இட்லியும் மீன் குழம்பும் சாப்பிட்டேன். நேற்று வைத்த குழம்பு என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊர் மீன் கறியில் தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் சமாதானப்படுத்திவிடும். இதில் புளி யாரோடும் சமாதானத்துக்கு வரவில்லை. கண்ணில் நீர் வர இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன்.

தையல் கூடம் மாதா கோவிலுக்குப் பின்னால், ஓடு போட்ட நீளமான அறையில் இருந்தது. பொறுப்பாளர் ஸ்டெல்லா, நாற்பதை நெருங்குபவர், கழுத்தில் ஜெபமாலைக்குப் பக்கத்தில் அளவு டேப் தொங்கியது. பெண்கள் மிஷினில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா பின்பக்கம் ஒரு சின்ன அறையைத் திறந்து காட்டினார். கூரை வரை துணி மூட்டைகள்.

"அலை அடிச்சப்போ லாரி லாரியா வந்தது. யாரும் எடுத்துக்கல."

பிரித்துப் பார்த்தேன். நல்ல பருத்திச் சட்டைகள், படுக்கை விரிப்புகள், பனிக்கு உடுத்தும் கம்பளிக் கோட்டு, ஒற்றைக் கால் உறை. கம்பளிக் கோட்டை இந்தக் கரைக்கு அனுப்பியவர் எந்தக் கடலை நினைத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. இவற்றிலேயே சட்டை தைத்தால் புதுத் துணியே வேண்டாமே என்றேன்.

மிஷினில் இருந்த ஒரு பெண் தைப்பதை நிறுத்தினார். பெயர் அமலோற்பவம். மீனவர் குடும்பம்.

"அந்தத் துணிய லாரி மேல நின்னுக்கினு வீசினாங்க. கீழ சேறு. பொறுக்கிக்கங்கன்னாங்க. அலைல போன எம்புள்ளய மண்ணுல வெச்சிட்டு வந்து நிக்கறேன், என் மேல வந்து வுழுது ஒரு பழைய பேண்ட்டு. நான் அதத் தொட மாட்டேன்."

அவர் திரும்பித் தைக்கத் தொடங்கினார். நாங்கள் மூட்டைகளைப் பிரித்த நாள் முழுவதும் அவர் அந்த அறைப் பக்கம் வரவில்லை. நானும் அவரைக் கூப்பிடவில்லை.

ஸ்டெல்லாவும் நானும்தான் வெட்டினோம். இரண்டு பழைய நீலச் சட்டைகளைப் பிரித்து ஒன்றாக்கி, பினாங்கில் செய்யும் அதே நேர்வெட்டில் மாதிரிச் சட்டை. இடுப்பில் பிடிப்பு கிடையாது, தோள் அகலம், பக்கத்தில் திறப்பு. துவைத்துத் தேய்த்ததும் புதிது போலவே இருந்தது. ஸ்டெல்லா அதை உதறிப் பார்த்துவிட்டு, "பட்டன ஆம்பளங்க பக்கம் வெச்சிருக்கீங்க" என்றார்.

ஆண்கள் சட்டையில் பட்டன் வலப்பக்கம், பெண்கள் சட்டையில் இடப்பக்கம். தையல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. நாங்கள் ஆரம்பத்திலிருந்து வலப்பக்கமே வைக்கிறோம். பொதுச் சட்டை என்று பெயர் வைத்தோமே தவிர, எங்களையும் அறியாமல் ஆண்கள் சட்டையைத்தான் பொதுவாக்கியிருக்கிறோம். கடைக்கு வந்த எவரும் இதுவரை கேட்டதில்லை.

மூன்றாம் நாள் ஸ்டெல்லாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து உப்பளத்துக்குப் போனேன். வண்டி வரப்பில் ஏறியதும் சறுக்கி, ஸ்டெல்லா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் விழுந்தோம். என் முழங்கை உப்புத் தண்ணீரில் உராய்ந்தது. காயத்தில் உப்பு எரிவது எப்படி என்று அப்போது தெரிந்துகொண்டேன். இங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது தினமும்.

பாத்திகளில் வெயில் தகதகவென்று கிடந்தது. கண்ணைச் சுருக்காமல் எதையும் பார்க்க முடியவில்லை. கல்யாணியின் கணவர் ஏழுமலை, நீண்ட கழியில் பூட்டிய பலகையால் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். கல்யாணி கூடையில் வாரிச் சுமந்து மேட்டில் கொட்டினாள். கூழ் நேரத்தில் எனக்கும் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் வந்தது. நான் பையிலிருந்து நீலச் சட்டையை எடுத்து கல்யாணியிடம் கொடுத்தேன். வேலைக்குப் போட்டுப் பார், எங்கே இடிக்கிறது, எங்கே கிழிகிறது என்று சொல் என்றேன்.

அவள் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"எனக்கா? புதுசா?"

"உனக்குத்தான்."

"உங்க ஊர்ல இந்தச் சட்டய ஆம்பள பொம்பள ரெண்டு பேரும் போடுவாங்களா?"

"ஆமா."

"யாருக்கா மொதல்ல போடுவாங்க?"

கடையில் சட்டையை விற்றபின் அது யார் வீட்டில், யார் தோளில் முதலில் ஏறுகிறது என்று நாங்கள் கேட்டதே இல்லை. ஏழுமலை பலகையைச் சாய்த்துவிட்டு வந்து, துணியைத் தொட்டுப் பார்த்து, "ஜோரா இருக்குது" என்றார். கல்யாணி அதை மடித்துக் கூடைக்குள் வைத்தாள். திங்கட்கிழமை போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.

ஞாயிறு எனக்கு வேலை இல்லை. கடற்கரையில் நடந்தேன். புதிதாகக் கட்டிய வீடுகள் வரிசையாக, பெயிண்ட் வாசனையோடு, பாதி பூட்டிக் கிடந்தன. மாலையில் கூடத்துக்குத் திரும்பியபோது வாசல் படியில் கல்யாணி உட்கார்ந்திருந்தாள். பட்டுப் புடவை, தலையில் பூ. பிரம்மதேசத்துக் கோவிலில் அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம்; அங்கிருந்து நேராக வந்திருக்கிறாள். கண் சிவந்திருந்தது.

"என்னாச்சு கல்யாணி?"

"அந்தாளு போட்டுக்கினு வந்துட்டாருக்கா. அந்தச் சட்டய. பந்தியில குந்திக்கினு சாம்பார அது மேல ஊத்திக்கினு கீறாரு. எல்லாரும், ஏழுமலைக்கு மலேசியா சட்டடான்றாங்க. அவரும் இளிக்கிறாரு."

ஸ்டெல்லா தண்ணீர் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"துவைச்சா போயிடும்" என்று நான் சொன்னது எவ்வளவு முட்டாள்தனம் என்று சொல்லும்போதே தெரிந்தது.

"சாம்பாருக்கா அழுவறேன்? கல்யாணம் கட்டி வந்ததுலேர்ந்து அவரு போட்டத்தான் நான் போடறேன். அவரு வேர்வ நாத்தத்தோடதான் போடறேன். ஒருவாட்டி, ஒரே ஒருவாட்டி, என் மேல மொதல்ல ஏறட்டும்னு இருந்தேன். ராத்திரி ரெண்டு தபா எடுத்து எடுத்துப் பாத்தேன்க்கா."

வேறு ஒன்று தைத்துத் தருகிறேன் என்றேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"தைக்கறதுன்னா, பட்டன இந்தப் பக்கம் வெச்சுத் தைங்க. பொம்பள சட்ட மாதிரி. பூப் போட்ட துணில. இடுப்ப ஒடுக்கி வெச்சிடுங்க. அவரு கைய நொழைக்கவே கூடாது."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். பத்து வருஷமாக எதையெல்லாம் வேண்டாம் என்று விலக்கினோமோ, அதெல்லாம் வேண்டும் என்று ஒருத்தி என் முன்னால் உட்கார்ந்து கேட்கிறாள். ஆணும் பெண்ணும் போடலாம் என்றால் இந்த வீட்டில் ஆண் போடலாம் என்றுதான் அர்த்தம். அவள் சட்டை அவளிடமே இருக்க வேண்டுமானால், அவர் அதைப் போட வெட்கப்பட வேண்டும். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூட்டை அறையைத் திறந்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றோம். அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. கடலைவிட்டுத் தள்ளிய ஊர்க்காரி, லாரி வந்த நாளில் அவள் அங்கே இல்லை. பெரிய பெரிய செம்பருத்திப் பூக்கள் அச்சடித்த படுக்கை விரிப்பு ஒன்றை உருவி எடுத்து உடம்பின் மேல் வைத்துப் பார்த்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் தைத்துவிட்டோம். இடுப்பில் பிடிப்பு, பட்டன் இடப்பக்கம். என் வாழ்க்கையில் நான் வெட்டியதிலேயே அதைவிட அப்பட்டமான பெண் சட்டை எதுவும் இல்லை.

திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். வெள்ளை உப்புக்கு நடுவில் அந்தச் சிவப்பு எங்கிருந்து பார்த்தாலும் தெரிந்தது. பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி எனக்கும் ஒன்று என்றாள். மஞ்சள் பூவாக வேண்டும் என்றாள் இன்னொருத்தி. ஆண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஏம்பா ஏழுமல, இதப் போட்டுக்கினு எந்தக் கல்யாணத்துக்குப் போவப் போற?"

"இடுப்பு பத்தாதுடா அவனுக்கு!"

ஏழுமலை கொஞ்ச நேரம் உப்பை இழுத்தார். இரண்டாம் முறையும் யாரோ சிரித்ததும் பலகையைப் பாத்திக்குள்ளேயே எறிந்துவிட்டு, வரப்பில் ஏறி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேஸ்திரி ஓடி வந்தார். பாதிப் பாத்தி இழுக்காமல் கிடந்தது. அன்று எடுக்காவிட்டால் அடுத்த தண்ணீர் பாய்ச்ச முடியாது.

"உன் புருஷனுக்கு நாளைலேர்ந்து வேலை இல்லன்னு சொல்லிடு" என்று கத்தினார்.

கல்யாணி கூடையை வைத்துவிட்டு அந்தப் பலகையை எடுத்தாள். அது ஆண்கள் வேலை. பெண்கள் பலகை பிடித்து அங்கே நான் பார்க்கவில்லை. "பாத்திய நான் முடிக்கறேன், நாளைக்கு அவரு வருவாரு" என்றாள். மேஸ்திரி ஏதோ முனகிவிட்டு நகர்ந்தார். முதலில் கழி அவள் கையில் தாறுமாறாக ஓடியது. பிறகு சரியாக வந்தது. வெயில் உச்சிக்கு ஏறியபோது முதுகில் செம்பருத்தியெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. நான் உதவப் போனேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். ஊர் விட்டு ஊர் வந்து ஒரு வீட்டுக்குள் கலகம் மூட்டிவிட்டேனோ என்று வரப்பில் நின்று யோசித்தேன்.

அடுத்த நாள் நான் கிளம்ப வேண்டும். காலையில் ஸ்டெல்லாவிடம் விடைபெறக் கூடத்துக்குப் போனேன். பேசவேண்டியது இருந்தது. சட்டை தைத்துத் தருகிறோம், ஆனால் நீங்கள் அனுப்பும் புதுத் துணியில்தான், மூட்டைத் துணியில் இல்லை என்று ஸ்டெல்லா சொன்னார். எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. அமலோற்பவம் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார். நான் சரி என்றேன். மெய் லிங்கிடம் இதை விளக்க என்னால் முடியும் என்று தோன்றியது.

அப்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஏழுமலை நின்றார். நீலச் சட்டை போட்டிருந்தார், சாம்பார்க் கறை லேசாகத் தெரிந்தது. கையில் பிளாஸ்டிக் கவர்.

"உள்ள வாங்க" என்றார் ஸ்டெல்லா.

வரவில்லை. வாசலிலேயே நின்று கவரிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தார். தேய்த்து மடித்தது.

"பொங்கலுக்கு எடுத்தது. ஒரு தபாதான் போட்டிருக்கறேன்." மடிப்பை விரலால் நீவினார். "அந்த நீலச் சட்ட அவளுக்குன்னு எனக்குத் தோணவே இல்லீங்க. கொடில தொங்குச்சு, எடுத்துப் போட்டேன். வூட்ல இருக்கற சட்டயெல்லாம் நம்மளுதுதானேன்னு. அதச் சொன்னா இன்னும் கோவப்படறா."

கோபப்படத்தான் செய்வாள் என்றார் ஸ்டெல்லா.

"நேத்து எம் பாத்திய இழுத்திருக்கா. கையெல்லாம் கொப்புளம். காட்ட மாட்டேன்றா, மூடி மூடி வெச்சுக்கறா." வெள்ளைச் சட்டையை நீட்டினார். "இதுல பட்டன அந்தப் பக்கம் மாத்திக் குடுங்க."

ஸ்டெல்லா சட்டையை வாங்கி விரித்தார். பட்டன் துளையைத் தையல்காரர்கள் காஜா என்பார்கள். பழைய காஜாவை மூடி, எதிர்ப்பக்கம் புதிதாகத் திறக்க வேண்டும்.

"மூடின தடம் தெரியும். அப்புறம் திரும்ப உங்களுக்குன்னு மாத்த முடியாது. பாத்துக்கங்க."

"எனக்கு எதுக்கு? மாத்துங்க."

ஸ்டெல்லா மிஷினில் உட்கார்ந்தார். பழைய காஜாக்களை நான் ஊசியால் மூடினேன். என் பேருந்து நேரம் போனது. ஏழுமலை வெளியே மரத்தடியில் குந்தி, பீடியைப் பற்ற வைத்து அணைத்து, மறுபடி பற்ற வைத்தார்.

இது எப்படி முடிந்தது என்பதைப் பின்னால் ஸ்டெல்லா போனில் சொன்னார், இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணி அந்தச் சட்டையை வாங்கிக்கொண்டாள், ஆனால் அன்றைக்கு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பளத்துக்கும் போடவில்லை. கொஞ்ச நாள் கழித்து வானூர்ச் சந்தைக்குப் போகும்போது, வேலை இல்லாத நாளில், புடவை மேல் அதைப் போட்டுக்கொண்டு அவரோடு நடந்து போனாளாம். மேஸ்திரி அவர் வேலையை நிறுத்தவில்லை. செம்பருத்திச் சட்டை கேட்டு உப்பளத்துப் பெண்கள் இப்போதும் கூடத்துக்கு வருகிறார்கள். நாங்கள் பினாங்கில் பட்டனை இரண்டு விதமாகவும் வைக்கத் தொடங்கியிருக்கிறோம். மெய் லிங்குக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அந்தக் காலையில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ஸ்டெல்லா கடைசிப் பட்டனைத் தைத்து நூலைப் பல்லால் கடித்தார். ஏழுமலை எழுந்து வந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சட்டையை வாங்கி, பட்டன் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. ஸ்டெல்லாவிடம் கேட்காமல், வெளியூர்க்காரி, துணிக்கடைக்காரி என்று என்னிடம் கேட்டார்.

"ஏங்க, இப்போ இது பொம்பள சட்டதானே?"

ஆண் சட்டை, பெண் சட்டை என்று ஒன்றும் இல்லை, எல்லாம் சட்டைதான் என்று எத்தனையோ பேருக்குச் சொன்ன வாய் இது.

"ஆமாங்க" என்றேன். "பொம்பள சட்டதான்."